எப்போது சரியாவான் என்று கேட்காதீர்கள்

(நமது அறக்கட்டளை நடத்தும் சிறப்புப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் உள்ள சிரமங்களையும் அதில் கிடைக்கும் பலன்களையும் பற்றிப் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இதைப் பேச வேண்டியவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆசிரியைகள்தான். அவர்களிடம் கேட்டேன். "நீங்களே பேசுங்கள் சார். நாங்கள் பேசினால் சம்பளம் கூட்டச் சொல்லிப் பேசுகிறோம் என்று நினைப்பார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவர்கள் சொல்லி நான் கேட்டதையும், பள்ளியில் நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன்.

போன மாதம் நம் பள்ளியின் மூத்த ஆசிரியை என் மேசையில் ஒரு கவர் வைத்தார். பிரித்துப் பார்த்தால் ராஜினாமாக் கடிதம். எட்டு வருடமாக நம்மிடம் வேலை பார்ப்பவர். சம்பளம் போதவில்லையா என்று கேட்டேன். "போதவில்லைதான் சார். ஆனால் அது முதல் காரணம் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பெற்றோர் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். டீச்சர், என் பிள்ளை எப்போது சரியாவான்? இந்த மாதம் என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் இங்கே என்ன செய்கிறேன் என்பதே யாருக்கும் தெரியவில்லையோ என்று தோன்றுகிறது."

அந்தக் கடிதத்தை நான் இன்னும் நிர்வாகக் குழுவில் வைக்கவில்லை. இந்தக் கல்வியாண்டு முடியும்வரை இருப்பதாக அவர் சம்மதித்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை உங்கள் முன் சொல்கிறேன். அவர் என்ன செய்கிறார் என்பது இந்த ஊருக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சுமார் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், மத்ரஸாவில் ஓதி முடித்துவிட்டுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, காலையில் மக்தபில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தேன். அங்கே ஒரு பையன் இருந்தான். பே, தே, ஸே மூன்றும் அவனுக்குக் குழம்பும். ஒரே வடிவம், கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு புள்ளி, மேலே மூன்று புள்ளி. இன்று சரியாகச் சொல்வான், நாளை மாற்றிச் சொல்வான். ஆனால் நான் ஓதிக்காட்டிய சின்ன சூராக்களை மற்ற எல்லாரையும்விட முதலில் மனனம் செய்துவிடுவான். காதால் கேட்டு இவ்வளவு வேகமாகப் பிடிக்கிறவன் எழுத்தைப் பார்த்துப் படிக்க மாட்டேன் என்கிறானே, இது திமிர்தானே என்று நினைத்தேன். அடித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அவன் வருவதை நிறுத்திவிட்டான். பிறகு பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டான்.

கற்றல் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது, அறிவில் குறையில்லாத பிள்ளைக்கும் எழுத்து மட்டும் பிடிபடாமல் போகலாம் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் இதுவும் ஒன்று. அந்தப் பையன் இப்போது பேரன் எடுத்துவிட்டார். ஒரு நிக்காஹ் வீட்டில் பார்த்து மாப்புக் கேட்டேன். "அட, அதெல்லாம் என்ன உஸ்தாத்" என்று சிரித்தார். சிறிது நேரத்தில் தன் செல்போனை நீட்டி, வந்திருந்த செய்தியைப் படித்துச் சொல்லச் சொன்னார். அந்த போன் என் கையில் கனத்தது.

நம் ஆசிரியை அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கற்பித்திருப்பார் என்று பிறகு கேட்டேன். "மூன்றையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேன் சார். பே மட்டும் ஒரு வாரம். மணல் தட்டில் விரலால் எழுதவைத்து, புள்ளிக்குக் கொண்டைக்கடலை வைக்கச் சொல்லியிருப்பேன். அது உறுதியான பிறகு, கொஞ்சமும் ஒத்துப்போகாத வேறொரு எழுத்துக்குப் போயிருப்பேன். தே கடைசியில்தான் வந்திருக்கும்" என்றார். எனக்கு அன்று இல்லாதது பிரம்பு அல்ல, இந்த அறிவுதான்.

அன்பர்களே, சிறப்புக் கல்வி என்றால் பிள்ளைகளைப் பகலில் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த ஆசிரியைகள் அதற்கென்றே படித்தவர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள். ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் முதலில் அவனுக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று எழுதுகிறார்கள். இதற்கு நம் நாட்டில் பல சிறப்புப் பள்ளிகள் பயன்படுத்தும் அளவீட்டு முறை ஒன்று சென்னையிலேயே பிறந்தது. பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய அந்த முறையில் சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது, பணத்தைக் கையாள்வது என 18 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 20 திறன்கள், மொத்தம் 360. எல்லாமே 'இதைச் செய்கிறான்' என்ற வகையில் எழுதப்பட்டவை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்து, அடுத்த படியைத்தான் பாடமாக வைக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளைக்கு வேறு பாடம். 24 பிள்ளைகள் என்றால் 24 பாடத்திட்டம்.

ஒரு பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பாருங்கள். கை கழுவுவது நமக்கு ஒரு வேலை. இவர்களுக்கு அது ஏழு வேலை. குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்பை எடுப்பது, தேய்ப்பது, கழுவுவது, குழாயை மூடுவது, துடைப்பது. சில பிள்ளைகளுக்குக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் ஆறையும் ஆசிரியை கைபிடித்துச் செய்யவைப்பார், துடைப்பதை மட்டும் பிள்ளை தானாகச் செய்வான். முடித்தவன் அவன் என்பதால் பாராட்டு அவனுக்கு. அது வந்த பிறகு கடைசி இரண்டு, பிறகு கடைசி மூன்று. இப்படித்தான் ஒளூச் செய்யவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒளூவை முழுதாகக் கற்க ஒன்றரை வருடம் ஆனது. இன்று ஜும்ஆவுக்கு வாப்பாவோடு வந்து ஹவுளில் தானே ஒளூச் செய்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் "அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்களேன்" என்கிறார்கள். தயவுசெய்து உதவி செய்யாதீர்கள். அது ஒன்றரை வருட உழைப்பு.

இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஒன்பது வயது, பேச்சு கிடையாது. திடீர் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். பிடிக்கப் போனால் கடிப்பான். நம் இளைய ஆசிரியையின் முன்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. வீட்டார் ஓதிப் பார்க்க வேண்டிய இடத்திலெல்லாம் ஓதிப் பார்த்து, நூல் கட்டி, நாலு வருடம் கழித்துத்தான் இங்கே கொண்டுவந்தார்கள்.

அவனுக்குப் படங்களைக் கொண்டு பேசக் கற்பித்தார்கள். தண்ணீர் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து ஆசிரியை கையில் கொடுத்தால் உடனே தண்ணீர் கிடைக்கும். அவ்வளவுதான் பாடம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. ஒரு அட்டையின் பொருள் அவனுக்கு விளங்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவுமே நடக்கவில்லை. நானே ஒரு முறை, "இதில் பலன் இருக்கிறதா டீச்சர்" என்று கேட்டிருக்கிறேன். முதல் அட்டை விளங்கிய பிறகு மற்றவை வேகமாக வந்தன. பிஸ்கட், ஊஞ்சல், கழிப்பறை. பிறகு 'வலி'.

ஒரு நாள் அதே பிள்ளை வீட்டில் தலையை மோத ஆரம்பித்திருக்கிறான். அவன் உம்மா ஓடிவந்து பிடிக்க, அவன் பையை இழுத்து, அந்த வலி அட்டையை எடுத்து அவர் கையில் வைத்து, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறான். பல் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். இரண்டு கடைவாய்ப் பல் சொத்தை. எத்தனை மாதமாக வலித்ததோ, அல்லாஹ்வே அறிவான். அதைப் பிடிவாதம் என்றோம், கோளாறு என்றோம். சொல்ல வழியில்லாத பிள்ளை தனக்குத் தெரிந்த வழியில் சொல்லிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அந்த உம்மா மறுநாள் பள்ளிக்கு வந்து ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் புள்ள என்கிட்ட பேசிட்டான் டீச்சர்" என்றார். அவன் வாயிலிருந்து இன்றுவரை ஒரு சொல் வரவில்லை.

இப்போது சிரமங்களுக்கு வருகிறேன். முதல் சிரமம் எண்ணிக்கை. சிறப்புப் பள்ளிகளில் அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. நம்மிடம் 24 பிள்ளைகள், மூன்று ஆசிரியைகள், ஒரு ஆயா. கணக்குப்படி ஐந்து ஆசிரியைகள் வேண்டும். ஒருவர் ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் அந்த வகுப்பின் பாடம் நின்றுபோகிறது.

இரண்டாவது, கற்றது கலைந்துபோவது. இது பெற்றோர் மனம் நோகக்கூடிய விஷயம்; பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தன் கையால் சோறு எடுத்துச் சாப்பிடும் பிள்ளைக்கு வீட்டில் உம்மா ஊட்டிவிடுகிறார். பாசம்தான். சிந்தினால் துடைக்க வேண்டும், நேரமாகும் என்ற அவசரமும்தான். கோடை விடுமுறை முடிந்து வரும்போது அவன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூன்று மாதப் பாடம் முதலிலிருந்து. சாதாரணப் பள்ளி ஆசிரியருக்கு மாணவன் ஃபெயிலானால் வருத்தம் வரும். தேறிய மாணவனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் வருத்தம் இவர்களுக்கு ஒவ்வொரு ஜூனிலும் வருகிறது.

மூன்றாவது, நம் கடைத்தெரு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பதினேழு வயது மகள் ஒருவர் நம் பள்ளியில் இருக்கிறார். கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதுதான் அவருக்கு இந்த வருடப் பாடம். கேட்க வேண்டும், பணம் கொடுக்க வேண்டும், மீதி வாங்க வேண்டும். பள்ளியில் பொம்மைக் கடை வைத்துப் பழக்கிவிட்டு, உண்மையான கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். பார்த்ததும், "வாம்மா" என்று ஒரு சாக்லேட்டைக் கையில் கொடுத்து, காசு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். மூன்று கடையிலும் இதே கதை. பிறகு ஆசிரியை ஒரு கடைக்காரரிடம் தனியாகப் பேசினார். "அவள் கேட்கும்வரை எதுவும் கொடுக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். காசை வாங்கிக்கொள்ளுங்கள்." முதல் நாள் நாலைந்து நிமிடம் ஆனதாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்களாம். கடைக்காரர் அசையவில்லை. இன்று அவர் தனியாகப் போய்ப் பால் பாக்கெட் வாங்கிவருகிறார். அந்தக் கடைக்காரரும் இந்தப் பள்ளியின் ஓர் ஆசிரியர் என்றே நான் சொல்வேன்.

பலன் என்ன என்று கேட்டால், நம் மூத்த ஆசிரியை சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். "சாதாரண வகுப்பில் நாற்பது பிள்ளைகள் படிப்பார்கள். அதில் என்னால் கற்றது எது, டியூஷனில் கற்றது எது, தானாகவே வந்தது எது என்று எனக்குத் தெரியாது. இங்கே ஒரு பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டால், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும்." இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் எட்டு வருடம் இருந்திருக்கிறார். அதை நாமும் சேர்ந்து கொண்டாடியிருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்காது.

மார்க்கத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. புத்தி முதிராதவர்கள்மீது தொழுகை, நோன்பு முதலான கடமைகள் இல்லை என்பது நமக்குத் தெரிந்த சட்டம். இதைச் சொல்லியே, "அதுக்குத்தான் எதுவும் கடமையில்லையே, எதுக்கு ஓதவைக்கணும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை. கற்பிக்காமல் இருப்பதற்கு நமக்குக் கொடுத்த சலுகை அல்ல. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள வந்த சம்பவத்தையொட்டித்தான் அபஸ சூராவின் தொடக்க வசனங்கள் இறங்கின என்பதை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். மதீனாவில் அவர்கள் பாங்கு சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற நேரங்களில் மதீனாவில் அவர்களுடைய பிரதிநிதியாகவும் இருந்தார்கள். கேட்டுக் கண் கலங்குகிறோம். நம் தெருவில் கற்க வந்து நிற்கும் பிள்ளைக்கு என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்தில் இந்தக் கல்வி புதியதும் அல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் 1890களிலேயே பள்ளிகள் இருந்தன. எங்கிருந்தோ வந்த பெண்மணிகள் நம் மண்ணில் உட்கார்ந்து நம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையில் ஒரு பங்காவது நமக்கு வேண்டாமா?

பெற்றோர்கள் சில உரிமைகளைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். யு.டி.ஐ.டி. அட்டை எடுக்காதவர்கள் உடனே எடுங்கள். உதவிகளுக்கெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், சொல்வதைக் கேட்டு எழுதுபவரும் கிடைக்கும். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் 18 வயதைக் கடந்தால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அவர்களுக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். "எங்களுக்குப் பிறகு யார்?" என்று அழுகிற பெற்றோர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த விண்ணப்பங்களை நிரப்பித் தர நம் அலுவலகத்தில் வியாழன்தோறும் அஸருக்குப் பிறகு ஆள் இருக்கிறார்.

கடைசியாக நான்கு வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, பிள்ளை பள்ளியில் கற்றதைத் தினமும் அரை மணி நேரம் வீட்டில் செய்யவிடுங்கள். சோறு சிந்தட்டும். இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், துஆவும் செய்யுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையல்ல. மாவட்ட அரசு மருத்துவமனையில் இதற்கென இடையீட்டு சேவை மையம் இருக்கிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, எங்கள் பிள்ளைகள் வந்தால் காத்திருங்கள். காசை வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, இந்தப் பிள்ளைகள் ஸஃப்பில் நின்று சத்தம் போட்டால் முறைக்க வேண்டாம். பழகும்வரை ஓரத்தில் ஓர் இடம் கொடுங்கள். மக்தப் உஸ்தாதுமார்கள் மாதம் ஒரு நாள் நம் பள்ளிக்கு வந்து இந்த வகுப்புகளைப் பார்க்க வேண்டும். நான் செய்த தவறு இன்னொரு மக்தபில் நடக்கக் கூடாது.

வசதி உள்ளவர்களே, கட்டடத்துக்குக் கேட்டால் தருகிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். கல்வெட்டில் பெயர் வருகிறது. ஆசிரியை சம்பளத்துக்குக் கேட்டால் தயங்குகிறீர்கள். ஜகாத் தொகையை நாங்கள் தனியாக வைத்து, ஏழைப் பிள்ளைகளின் வேன் கட்டணம், உபகரணம், மருத்துவம் ஆகியவற்றுக்கே கொடுக்கிறோம். சம்பளத்துக்கு மாதச் சந்தாதான் வழி. இன்னும் இரண்டு ஆசிரியைகள் வேண்டும், இருப்பவர்களுக்குக் கௌரவமான ஊதியம் வேண்டும். சந்தாப் படிவம் வாசலில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து தேநீர் உண்டு. பெற்றோர்கள் ஆசிரியைகளிடம் போய்ப் பேசுங்கள். எப்போது சரியாவான் என்று இன்று கேட்காதீர்கள். "இந்த மாதம் என் பிள்ளை என்ன கற்றான்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் சின்னதாக இருக்கும். பொறுமையாகக் கேளுங்கள். மூத்த ஆசிரியையின் கடிதம் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அதை அவரிடமே திருப்பிக் கொடுக்கும் நிலை வர வேண்டும் என்பது என் துஆ. அது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கும், அவர்களைச் சுமக்கும் பெற்றோர்களுக்கும், கற்பிக்கும் ஆசிரியைகளுக்கும் அல்லாஹ் நல்லருள் புரிவானாக, ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.